ஐந்தாம் படியில் நின்ற சிறுவன்

இயற்கணிதம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் மன்றத்திலும் உண்டு. பல்லுறுப்புக் கோவை ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, அதன் காரணிகள் யாவை, எந்த எண்ணை இட்டால் அது பூச்சியமாகும் என்று ஆசிரியர் கேட்டவுடன் நம்மிற் பலர் சன்னல் வழியே சாமுண்டி மலையின் அழகில் ஈடுபட்டுவிடுகிறோம். மலை அழகியதுதான். ஆனால் அதே வினாவை விளையாட்டாகத் தொடங்கி, பிறகு விட முடியாமல், சோற்றையும் தூக்கத்தையும் மறந்து துரத்திய தமிழ்ச் சிறுவன் ஒருவன் இருந்தான்.

அவன் சீனிவாச இராமானுஜன். இராமானுஜனைப் பற்றி எழுதாத மலர் எது, மீண்டும் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். வாடகை வண்டியின் எண்ணாகிய 1729-ஐப் பற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். அதை நான் சொல்லப் போவதில்லை. முடிவிலாத் தொடர்களின் பெருமையையும் பலர் பாடிவிட்டார்கள். அவர் சமன்பாடுகளோடு போராடிய கதைதான் அதிகம் பேசப்படாதது. அந்தக் கதையில் பழைய மைசூர் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயைப் பெற்றவர்களின் வீட்டில் இராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதினார். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பசனை பாடுவார். வருமானம் போதாமையால் கல்லூரி மாணவர் சிலருக்கு வீட்டில் இடமும் உணவும் தந்து வந்தார்கள். அந்த மாணவர்களே இராமானுஜனுக்கு முதல் நூலகம் ஆனார்கள் எனலாம். அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கேட்டு முடித்தபின், லோனி என்பார் எழுதிய கோண கணித நூலைக் கையில் எடுத்தான் சிறுவன். பதின்மூன்று வயதுக்குள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டான்.

டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பள்ளித் தோழர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இராமானுஜனின் பெயர் பள்ளியில் பரவத் தொடங்கிய நேரம். மேல் வகுப்பு மாணவர்களே திணறக்கூடிய கணக்கு ஒன்று அவன்முன் வைக்கப்பட்டது. தெரியாத எண்களை நாம் ப என்றும் ம என்றும் குறிப்போம். √ப + ம = 7; √ம + ப = 11. இரண்டையும் காண வேண்டும். அரை நிமிடத்தில் விடை வந்ததாம்: ப என்பது 9, ம என்பது 4.

இதில் என்ன வியப்பு, குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன், தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கும் வரையில். √ப என்பதை வ என்று கொண்டு வர்க்கக் குறிகளை நீக்கினால் கிடைப்பது நாற்படிச் சமன்பாடு: வ⁴ − 22வ² + வ + 114 = 0. மூன்றை இட்டுப் பாருங்கள்: 81 − 198 + 3 + 114, பூச்சியம். ஆகவே (வ − 3) ஒரு காரணி. அதனால் வகுத்தால் வ³ + 3வ² − 13வ − 38 என்ற முப்படிக் கோவை எஞ்சுகிறது. இதுவும் மூன்று இடங்களில் பூச்சியமாகிறது, ஏறத்தாழ 3.584, −2.805, −3.779 ஆகியவை அவை. ஆனால் அவற்றுள் ஒன்றும் நமக்கு உதவாது. ஒவ்வொன்றிலும் √ப அல்லது √ம குறை எண்ணாகிவிடும். நான்கு மூலங்களில் ஒன்றே கேட்ட கேள்விக்கு விடை. ஏனைய மூன்றும் வர்க்கப்படுத்தியபோது கூட்டத்தோடு உள்ளே நுழைந்தவை. தேர்வில் இவற்றை அடித்துவிட மறந்து மதிப்பெண் இழந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

1902-இல் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையை யாரோ இராமானுஜனுக்குக் காட்டினார்கள். அது பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியர் கண்ட முறை; கார்டானோ 1545-இல் வெளியிட்ட நூலில் இருப்பது. அதே நூலில், அவருடைய மாணவர் ஃபெராரி கண்ட நாற்படி முறையும் இருக்கிறது. கும்பகோணத்துச் சிறுவனுக்கு இரண்டாவது முறையை எவரும் காட்டவில்லை. அவனே நாற்படிக்கு ஒரு வழியை உண்டாக்கிக்கொண்டான். வயது பதினைந்தை எட்டவில்லை.

இரண்டு தெரியும், மூன்று தெரியும், நான்கை நானே செய்தேன், அடுத்து என்ன? 1903-இல் ஐம்படிச் சமன்பாட்டின் மேல் பாய்ந்தான். அது தீரவில்லை.

அது தீராது என்பது உலகுக்கு முன்பே தெரிந்த செய்தி. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் ஆகியவற்றை மட்டும் கொண்டு எல்லா ஐம்படிச் சமன்பாட்டுக்கும் பொருந்தும் சூத்திரம் ஒன்று எழுத இயலாது என்று நார்வே நாட்டு இளைஞர் ஆபெல் 1824-இலேயே மெய்ப்பித்துவிட்டார். அதற்கு முன்பே இத்தாலியராகிய ருஃபினி ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்திருந்தார். எந்தச் சமன்பாடு தீரும், எது தீராது என்பதன் இரகசியத்தைப் பிரான்சில் கலுவா 1832-இல் இருபது வயதில் இறப்பதற்குள் எழுதி வைத்தார். ஐரோப்பாவில் இவை பாடநூல்களில் ஏறிவிட்ட பிறகும், காவிரிக் கரையில் ஒரு பள்ளி மாணவனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஏன் தீராது? இலக்ராஞ்சு 1770 வாக்கில் இதை ஆராய்ந்தார். முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டுமானால் அதன் மூலங்களை ஒரு தக்க வகையில் கலந்து துணைச் சமன்பாடு ஒன்றை அமைக்கிறோம். அது இருபடியாக அமைகிறது. நாற்படிக்குரிய துணைச் சமன்பாடு முப்படி. ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே இறங்குகிறோம். கீழே உள்ளது முன்பே தெரிந்ததாகையால் வேலை முடிகிறது. ஐம்படிக்கு அதே தந்திரத்தைச் செய்தால் வருவது ஆறாம் படிச் சமன்பாடு! கீழே இறங்கக் கால் வைத்தவன் மேலே தூக்கி எறியப்படுகிறான். இராமானுஜனும் இந்த ஆறாம் படியில்தான் முட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். எத்தனை சிலேட்டு நிறைய எழுதி முழங்கையால் துடைத்தானோ! தாள் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழிக்கும் பழக்கம் அவரிடம் நெடுநாள் இருந்தது.

அந்த ஆண்டு வீணானதா? வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால் ஆபெலின் பெயரைச் சொல்லி அவனை வேறு வழியில் திருப்பியிருப்பார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஐந்து என்ற எண் அதன்பின் இராமானுஜனை விடவே இல்லை.

அதே 1903-இல் தோழர் ஒருவர் கல்லூரி நூலகத்திலிருந்து கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, விளக்கத்தை மிகக் குறைத்துச் சொல்லும் நூல் அது. தேர்வுக்குப் படிப்பவர்க்காக எழுதப்பட்டது. சமன்பாட்டுக் கொள்கைக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. இராமானுஜன் அதில் உள்ள ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அந்த நூல் கொடுத்த நன்மை பெரிது. கொடுத்த தீமையும் உண்டு. நிறுவலை எழுதாமல் முடிவை மட்டும் எழுதும் வழக்கத்தை அவர் அங்கேதான் கற்றார் என்று கணிதர் பலர் கருதுகின்றனர்.

1904-இல் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இந்த மாணவனுக்கு முழு மதிப்பெண்ணுக்கும் மேல் கொடுக்க வழியிருந்தால் கொடுக்கலாம் என்ற கருத்துப்படப் புகழ்ந்து கணிதப் பரிசை அளித்தார். உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே கணிதத்தைத் தவிர வேறு எதையும் அவர் படிக்கவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார், உதவித்தொகை போயிற்று. தந்தையின் மாதச் சம்பளம் சுமார் இருபது ரூபாய். கல்லூரிச் சம்பளம் கட்ட வழியில்லை. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வில் கணிதம் தேறிற்று, உடலியல் முதலியவை தவறின. 1907 டிசம்பரில் மீண்டும் எழுதினார். மீண்டும் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909 ஜூலையில் சிறுமியாகிய ஜானகியுடன் திருமணம் மட்டும் நடந்தது.

இந்தப் பட்டினி ஆண்டுகளில்தான் அவருடைய புகழ்பெற்ற குறிப்பேடுகள் நிறைந்தன. அவற்றின் தொடக்கப் பகுதியிலேயே சமன்பாடு ஒன்றின் மிகச் சிறிய மூலத்தைக் காணும் முறை ஒன்று இருக்கிறது. எண்சார் கணிதம் படிக்கும் நண்பர்கள் தம் பாடநூலில் இராமானுஜன் முறை என்று பார்த்திருப்பார்களே, அதுதான். சூத்திரத்தால் தீராத சமன்பாட்டுக்கும் இது விடை தரும். எளிய ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ப + ப³ = 1 என்று கொள்க. முதலில் 1, 1, 1 என்று மூன்று எண்களை எழுதுங்கள். இனி ஒவ்வோர் எண்ணையும், அதற்கு முந்தியதையும் மூன்றிடம் முந்தியதையும் கூட்டி எழுதுங்கள். 1, 1, 1, 2, 3, 4, 6, 9, 13, 19, 28, 41, 60 என்று வரிசை வளரும். அடுத்தடுத்த இரண்டை வகுத்துப் பாருங்கள். 13-ஐ 19-ஆல் வகுத்தால் 0.6842, 28-ஐ 41-ஆல் வகுத்தால் 0.6829. உண்மையான மூலம் 0.6823. வெறுங் கூட்டலும் ஒரு வகுத்தலும், வர்க்கமூலம்கூட வேண்டியதில்லை!

இந்த முறையின் ஒரு வடிவத்தை ஐரோப்பாவில் தானியேல் பெர்னூலி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். இராமானுஜன் தாமாகக் கண்டதைப் பிறர் முன்பே கண்டிருந்தார்கள் என்ற செய்தி அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருவது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே எழுதிய எண் வரிசை, நாராயண பண்டிதர் 1356-இல் இயற்றிய கணித கௌமுதியில், பசுவும் கன்றும் பெருகும் கணக்காக இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகாமலேயே இங்கும் தேடியிருக்கலாம்.

1910-இல் இராமானுஜன் வேலை தேடித் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணைக் கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். குமாஸ்தா வேலை கேட்டு வந்தவனின் குறிப்பேட்டைப் பார்த்ததும், இவனை வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் அடைப்பது பாவம் என்று அவருக்குத் தோன்றியது. சென்னையிலுள்ள கணிதப் பேராசிரியர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சிறிது காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார்.

மைசூர் நாட்டுக்கும் பங்கு உண்டு என்று முன்னே சொன்னேன் அல்லவா? கணிதச் சங்கத்தின் இதழ் அப்போது பெங்களூரிலிருந்து நடந்தது. அதன் ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர். அக்கல்லூரி அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1916-இல் நம் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது மகாராஜா கல்லூரியோடு சேர்ந்து அதன் முதற் கல்லூரிகளுள் ஒன்றாயிற்று. 1964-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று.

இராமானுஜன் தம் முதற் கட்டுரையை நாராயண ஐயங்காருக்கு அனுப்பினார். பெர்னூலி எண்களைப் பற்றியது. கார் நூலின் பழக்கம் முழுமையாக அதில் இருந்தது: முடிவுகள் பளிச்சென்று இருக்கும், வழி எங்கே என்று தெரியாது. ஐயங்கார் அதைக் குப்பையில் போடவில்லை. புகழ்ந்து அப்படியே அச்சிடவும் இல்லை. இது விளங்கவில்லை, இதை விரித்து எழுதுக என்று திருப்பி அனுப்பினார். திருத்தி வந்ததை மீண்டும் திருப்பினார். மூன்று முறை இவ்வாறு போய் வந்த பிறகே 1911-இல் அது வெளியாயிற்று. ஆர்டியின் பெருமையைப் பேசும்போது நாம் இந்தப் பேராசிரியரை மறந்துவிடுகிறோம். எழுதத் தெரியாத ஒரு மேதைக்கு எழுதக் கற்றுக்கொடுத்த முதல் மனிதர் அவர்தான் என்பது என் கருத்து.

அதே இதழில் வாசகர்க்கு வினா விடுக்கும் பகுதி ஒன்று உண்டு. இராமானுஜன் ஐம்பதுக்கு மேற்பட்ட வினாக்களை அதற்கு அனுப்பினார். அவற்றில் 289-ஆம் வினா பெயர் பெற்றது. ஒரு வர்க்கமூலத்துக்குள்ளே ஒன்றோடு இரண்டு மடங்கு வர்க்கமூலம். அந்த மூலத்துக்குள்ளே ஒன்றோடு மூன்று மடங்கு வர்க்கமூலம். அதற்குள்ளே ஒன்றோடு நான்கு மடங்கு. இப்படி முடிவில்லாமல் உள்ளே உள்ளே போனால் மொத்த மதிப்பு என்ன? மூன்று இதழ்கள் வந்தன. எவரும் விடை அனுப்பவில்லை. இராமானுஜனே சொன்னார்: 3.

காரணிப்படுத்தத் தெரிந்த பள்ளி மாணவனுக்கு இது விளங்கிவிடும். 9 = 1 + 2×4. ஆகவே 3 என்பது 1 + 2×4-இன் வர்க்கமூலம். அதிலுள்ள 4 என்பது 1 + 3×5-இன் வர்க்கமூலம். அந்த 5 என்பது 1 + 4×6-இன் வர்க்கமூலம். ஓர் எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் குறைத்தால் அதன் இரு பக்கத்து எண்களின் பெருக்குத்தொகை வரும் என்ற சிறு காரணி விதிதான் இவ்வளவு பெரிய கோபுரத்தைத் தாங்கி நிற்கிறது. முடிவில்லாமல் போகும் இத்தகைய அடுக்கு எப்போது ஒரு மதிப்பில் நிற்கும், எப்போது நிற்காது என்பதற்குரிய விதியைப் பிற்காலத்தில் மற்றொரு தமிழர், டி. விஜயராகவன், வகுத்தார். அது 1927-இல் வெளியான இராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் குறிப்புகளில் இடம்பெற்றது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. குறிப்பேட்டில் உள்ளது. ப² = அ + ம; ம² = அ + ந; ந² = அ + ப. மூன்று எண்கள் ஒருவரையொருவர் துரத்தி வட்டமாகச் சுற்றுகின்றன. ம, ந இரண்டையும் நீக்கினால் ப-வுக்கு எட்டாம் படிச் சமன்பாடு வரும். ஐந்தே தீராது என்று சொன்னோம். எட்டு எப்படித் தீரும்? கோவை உடைகிறது என்பதுதான் விடை. மூன்று எண்களும் சமமாக இருக்கலாம் அல்லவா? அதிலிருந்து ப² − ப − அ என்ற காரணி கிடைத்துவிடுகிறது. எஞ்சிய ஆறாம் படிக் கோவையை √(4அ − 7) என்ற ஒரே ஒரு வர்க்கமூலத்தின் உதவியால் இரண்டு முப்படிகளாக உடைக்கலாம். முப்படியோ கும்பகோணத்தில் படித்த பாடம்.

அ என்பதற்கு 2 இட்டால் அந்த வர்க்கமூலம் 1 ஆகி, எல்லாம் முழு எண்களாகவே அமையும். எட்டாம் படிக் கோவையாகிய ப⁸ − 8ப⁶ + 20ப⁴ − 16ப² − ப + 2 என்பது (ப² − ப − 2)(ப³ + ப² − 2ப − 1)(ப³ − 3ப + 1) என்று மூன்றாகப் பிரிகிறது. பெருக்கிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. நடுவிலுள்ள முப்படி ஏழு பக்க ஒழுங்குப் பலகோணத்துக்கு உரியது. கடைசி முப்படி ஒன்பது பக்கப் பலகோணத்துக்கு உரியது. துரத்தி விளையாடிய மூன்று எண்களுக்குள்ளே இந்தப் பலகோணங்கள் ஒளிந்திருந்தன!

நான்கு எண்கள் சுற்றினால் பதினாறாம் படி வரும். அதை 722-ஆம் வினாவாக நாராயண ஐயங்காரின் இதழில் இராமானுஜன் விடுத்தார். அ என்பதற்கு 5 இட்டு, ஒரு மூலம் 2 + √5 + √(15 − 6√5) என்பதன் பாதி என்று காட்டச் சொன்னார். இதெல்லாம் வெறும் புதிர் விளையாட்டு என்று அந்நாளில் சிலர் எண்ணியிருக்கலாம். இன்று நிலை வேறு. ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி, ஒரு மாறிலியைக் கழித்து, வந்ததை மீண்டும் அவ்வாறே செய்துகொண்டு போனால் என்ன நடக்கும் என்பது ஒழுங்கின்மை பற்றிய கணிதத்தின் அடிப்படைக் கேள்வி. மூன்று எண்கள் சுழலும் சுற்று அதில் எப்போது தோன்றும்? மாறிலி ஏழின் கீழ் நான்கைத் தாண்டும்போது. √(4அ − 7) மெய்யெண்ணாகத் தொடங்கும் இடம் அதுவே. மூன்றின் சுற்று இருந்தால் எல்லாச் சுற்றும் இருக்கும் என்று லீயும் யார்க்கும் 1975-இல் எழுதிப் புகழ் பெற்றார்கள்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். பின்னர் நடந்தவற்றை எல்லோரும் அறிவர்: சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது; 1914 மார்ச் 17 அன்று கப்பலேறினார்.

அந்தக் கடிதத்தில் ஒரு பெரும் பிழையும் ஒரு பெரும் அதிசயமும் இருந்தன. பிழை, பகா எண்களைப் பற்றியது. ஒரு குறித்த எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்கு மிகத் துல்லியமான விதி கண்டதாக இராமானுஜன் நம்பினார். அது தவறு. ரீமான் என்பார் ஆராய்ந்த சீட்டா என்னும் சார்பு எங்கெங்கே பூச்சியமாகிறது என்பதைப் பொறுத்தது அக்கணக்கு. அந்தப் பூச்சியங்களில் எண்ணற்றவை மெய்யெண் கோட்டில் இல்லை; சிக்கலெண் தளத்தில் இருக்கின்றன. இராமானுஜனின் விதி அவை இல்லாத ஓர் உலகத்துக்குப் பொருந்துவது என்று ஆர்டி பின்னர் விளக்கினார். நாற்படிச் சமன்பாட்டில் வேண்டாத மூன்று மூலங்களை நொடியில் தள்ளியவர், இங்கே தள்ளக்கூடாத மூலங்களைக் காணாமல் விட்டார். ஆசிரியரும் புத்தகமும் இல்லாமையின் விலை இதுதான். இதைப் பெருமையாக மாற்றிப் பேசுவது அவருக்கு நாம் செய்யும் நன்மை ஆகாது.

அதிசயம், ஒரு தொடர் பின்னம். கீழே கீழே முடிவில்லாமல் இறங்கும் அந்தப் பின்னத்தின் மதிப்பை இராமானுஜன் வர்க்கமூலங்களால் எழுதியிருந்தார். அதைப் போன்ற எதையும் தாம் கண்டதில்லை, தம்மை அது முற்றிலும் தோற்கடித்தது என்று ஆர்டி ஒப்புக்கொண்டார். (5 + √5)-இல் பாதியின் வர்க்கமூலத்திலிருந்து (√5 + 1)-இல் பாதியைக் கழித்தால் வரும் எண் அது, ஏறத்தாழ 0.28408. ப⁴ + 2ப³ − 6ப² − 2ப + 1 என்ற நாற்படிக் கோவையில் அதை இட்டுப் பாருங்கள். பூச்சியம் வரும். உச்சியில் முடிவிலி, அடியில் ஒரு நாற்படிச் சமன்பாடு!

ஐந்து என்ற எண் அவரை விடவில்லை என்று சொன்னேன். மூலக்குறிகளால் தீராத ஐம்படிச் சமன்பாட்டை வேறு கருவி கொண்டு தீர்க்கலாம் என்று பிரெஞ்சுக்காரர் எர்மீட் 1858-இல் காட்டினார். அவர் எடுத்த கருவி, ஐந்தாம் படி மாடுலர் சமன்பாடு. செர்மானியர் கிளைன் 1884-இல் வெளியிட்ட நூலில், இருபது முக்கோண முகங்கள் கொண்ட ஒழுங்குத் திண்மத்தின் சமச்சீரோடு ஐம்படிச் சமன்பாட்டைப் பிணைத்தார். இராமானுஜனின் குறிப்பேடுகளில் மாடுலர் சமன்பாடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன; ஐந்தாம் படிக்கு உரியவை அவற்றுள் சிறந்தவை. 1914-இல் இங்கிலாந்தில் வெளியான அவருடைய கட்டுரை மாடுலர் சமன்பாடுகளைக் கொண்டு வட்டத்தின் விகிதத்தைக் கணிப்பதைப் பற்றியதே. ஆர்டியைத் தோற்கடித்த தொடர் பின்னமோ, கிளைனின் திண்மத்துக்கு உரிய சார்பேதான் என்று பிற்காலக் கணிதர் எடுத்துக்காட்டினர். பதினைந்து வயதில் முன்வாசலில் முட்டித் திரும்பிய வீட்டுக்குள், இருபத்தைந்து வயதில் அவர் பின்வாசல் வழியாக நடமாடிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் 1916-இல் ஆராய்ச்சிப் பட்டம், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரி ஃபெலோ. நோயும் அந்த ஆண்டுகளில்தான் வந்தது. போர்க்கால உணவுத் தட்டுப்பாடு, தாமே சமைத்துண்ணும் மரக்கறி உணவு, குளிர், தனிமை. காசநோய் என்று மருத்துவம் செய்தார்கள். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது 1990-களில் எழுந்த கருத்து. 1919 மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது முப்பத்திரண்டு.

படுக்கையிலும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். சிலேட்டு அல்ல, இப்போது தாள் கிடைத்தது. எழுதிய தாள்களை ஜானகியம்மாள் சேர்த்து வைத்தார். அவை சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து 1923-இல் ஆர்டியிடம் போய், பிறகு எங்கே இருக்கின்றன என்று எவரும் கேட்காமல் கிடந்தன. 1976-இல் அமெரிக்கக் கணிதர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி நூலகத்தில் ஒரு பெட்டியைத் திறந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட தாள்கள் வெளிப்பட்டன. அவற்றின் பல பக்கங்களில், மீண்டும் மீண்டும், அந்த ஐந்தாம் படிக்கு உரிய தொடர் பின்னம் இருந்தது.